சவாரிக்கு ஓடின யானைக்கு நம்ம கடக்கரைத் தோப்புல ரிட்டையர்மெண்ட் குடுக்கலாமா?

ராமநாதபுரம் மாவட்டத்துல பெரியபட்டினம் பக்கம் தென்னந்தோப்போட சேத்து ரிசார்ட் போட்டிருக்கிற தம்பி ஒருத்தரு கேட்டது இது. கேரளா மலைப்பக்கம் 20 வருசமா டூரிஸ்ட் சவாரிக்கு ஓடின ஒரு பொம்பள யானை இருக்காம், ஓனரால இனிமே வச்சுத் தீனி போட முடியலையாம், "நாம எடுத்துட்டு வந்து தோப்புல வச்சுக்கிட்டா அதுக்கும் ஓய்வு, வர்ற கெஸ்ட்டுக்கும் பாக்க ஒரு விசயம், புண்ணியத்துக்கும் புண்ணியம், சத்தியமா சவாரி ஏத்த மாட்டோம் அண்ணே, அதுபாட்டுக்கு சும்மா நிக்கும், பழம் குடுப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, அம்புட்டுத்தான்"னு எழுதி ஒரு போட்டோவும் அனுப்பியிருக்காரு.

வேணாம் தம்பி. மனசு நல்ல மனசுதான், ஆனா வேணாம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளும்.

மொதல்ல நீங்க சொன்ன அந்த "சும்மா நிக்கும்", அதுலதான் எல்லா வில்லங்கமும் இருக்கு. நான் கால்நடைத் துறையில 30 வருசத்துக்கு மேல இருந்தவன், பெரும்பாலும் ஆடு மாடுதான், ஆனா கோயில் யானைங்களுக்கு நடந்த நலவாழ்வு முகாமுக்கு டியூட்டி போட்டு அனுப்பினதுல ரெண்டு வருசம் மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டில பவானி ஆத்துக்கரையில கெடந்தேன், அதுல இருந்து இந்தப் பைத்தியம் பிடிச்சுது, லீவு போட்டு யானை இருக்கிற எடமாப் போயி பாத்துட்டு வருவேன். பாத்த வரைக்கும் சொல்றேன், யானைக்கு வேலைய விட மோசமானது ஒண்ணு உண்டு, அது ஒரே எடத்துல கட்டிப்போட்டு சும்மா நிக்க வைக்கிறது.

நம்பலன்னா ஒரு கணக்கு சொல்றேன். 2008-ல சயின்ஸ் பத்திரிகையில ஒரு ஆய்வு வந்துச்சு, ஐரோப்பாவுல மிருகக்காட்சி சாலையில பொறந்த ஆசிய பொம்பள யானைங்களயும் பர்மாவுல அரசாங்கத்துக்கு மரம் இழுக்குற யானைங்களயும் ஒப்பிட்டுப் பாத்தாங்க. ஜூல சராசரியா 19 வருசம் கூட முழுசா இல்ல, 18.9. மரம் இழுக்குறது 41.7 வருசம். ஜூல வேலையே கெடையாது, நல்ல தீனி, டாக்டரு பக்கத்துலயே இருக்காரு, இருந்தும் பாதி ஆயுசு கூட இல்ல. மரம் இழுக்குறது சுகமான வேலைன்னு நான் சொல்ல வரல, காட்டுல இருந்து பிடிச்சுப் பழக்குறப்ப படுத்துற பாடு தனிக்கதை. ஆனா அங்க ஒரு வழக்கம் இருந்துச்சு, பகல்ல வேலை முடிஞ்சதும் சாயங்காலம் காட்டுக்குள்ள அவுத்து விட்டுருவாங்க, ராத்திரி பூரா தானா மேயும், காட்டு யானைங்களோட சேரும், குட்டி கூட அப்படித்தான் உண்டாகும், விடிஞ்சதும் பாகன் போயி தேடிக் கூட்டியாருவான். நம்ம முதுமலை தெப்பக்காட்டுலயும் இதேதான், கால்ல இழுவைச் சங்கிலியோட விட்டுருவாங்க, காலையில அந்தச் சங்கிலித் தடத்தப் பாத்துக்கிட்டே காவடி போவாரு. காவடின்னா முருகனுக்கு எடுக்குறது இல்லப்பா, பாகனுக்கு அடுத்த ஆள அங்க அப்படித்தான் சொல்லுவாங்க.

அப்ப யானைக்கு ஓய்வுன்னா என்னன்னு கேட்டா, முதுகுல இருந்து இரும்பு சீட்ட எறக்குறது இல்ல, அந்த ராத்திரியக் குடுக்குறது. நடக்க எடம், மேய எடம், சேத்தியா இன்னொரு யானை, கட்டு இல்லாத நேரம். உங்க தோப்பு எத்தன ஏக்கரு? 6 ஏக்கரா? அதுல ராத்திரி அவுத்து விட முடியுமா? ஒரே ராத்திரியில பாதித் தென்னைய குருத்தோட பிச்சிரும், மிச்சத்தச் சாச்சுரும், பக்கத்துத் தோப்புக்காரரு மறுநாள் அருவாளோட வருவாரு. அதனால கட்டத்தான் செய்வீங்க. கட்டினா அது ஓய்வு இல்ல.

சவாரி வேலை உடம்ப என்ன பண்ணும்னு ஒரு வார்த்தை சொல்லிர்றேன், வரப்போற யானைக்கு என்னென்ன வைத்தியம் பாக்கணும்னு அப்பத்தான் புரியும். ஆசிய யானையோட முதுகெலும்பு மேல பாத்து முள்ளு முள்ளா நீட்டிக்கிட்டு இருக்கும், அதுமேல சாக்கு, மெத்தை, இரும்பு சீட்டுன்னு வச்சு வயித்துக்கு அடியிலயும் வாலுக்கு அடியிலயும் கயிறு போட்டு இறுக்கி, நாலு பேர ஏத்தி, ஒரு நாளைக்கு எத்தன ரவுண்டோ. முதுகுல புண்ணு வரும், ஆறும், திரும்ப அதே எடத்துல வரும். நான் ஒரு எடத்துல, பேரு வேணாம், சீட்ட எறக்கச் சொல்லிப் பாத்தேன், உள்ளங்கை அகலத்துக்கு சீழ், மேல மஞ்சத்தூளும் வேப்பெண்ணையும் பூசி அதுக்கு மேலயே சாக்கப் போட்டிருந்தாய்ங்க, கேட்டா "சீசன் முடியட்டும் சார்"ங்குறாய்ங்க.

ஆனா முதுகுப் புண்ணு ஆறிரும். ஆறாதது காலு. யானை ஒரு நாள்ல முக்கால்வாசி நேரம் நின்னுக்கிட்டே இருக்குற ஜீவன், அம்புட்டு எடையும் நாலு பாதத்துல. காட்டுல நடந்து நடந்து பாதத் தோலும் நகமும் தானா தேயும், சிமெண்டுலயும் தார் ரோட்டுலயும் நின்ன யானைக்கு ஒண்ணு பாதம் வழுவழுன்னு தேஞ்சு ரத்தம் கட்டும், இல்ல நகம் வளந்து வெடிச்சு, அந்த வெடிப்புல மூத்திரமும் சாணியும் போயி சீழ் பிடிக்கும். சீழ் எலும்புக்குப் போயிருச்சுன்னா முடிஞ்சுது. முன்னங்கால்ல அஞ்சு நகம், பின்னங்கால்ல பொதுவா நாலு, தினம் கழுவி, மருந்துத் தண்ணியில கால வச்சு நிக்கப் பழக்கி, வாரத்துக்கு ஒருதரம் அரம் போட்டு ராவணும், இத 20 வருசம் விடாமச் செய்யணும். பழைய யானைங்க எத்தனயோ செத்தது கால்லதான். இன்னொண்ணு டிபி. நம்ம மனுசங்க டிபிதான், நம்மகிட்ட இருந்துதான் அதுக்குப் போகும், அங்கிருந்து திரும்ப நமக்கும் வரும். பழம் குடுக்குற கெஸ்ட்டு கையில தும்பிக்கைய வைக்குறதுக்கு முன்னாடி அந்த டெஸ்ட் எடுத்தாச்சான்னு ஓனர்கிட்ட கேட்டீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க, யாரும் கேக்குறது இல்ல.

வயசுக்கு வருவோம். ஓனரு 38-ன்னு சொன்னதா எழுதியிருக்கீங்க. போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்தேன். காது மடலோட மேல் ஓரம் நல்லா மடிஞ்சு முன்பக்கம் தொங்குது, நெத்திப்பொட்டு ரெண்டு பக்கமும் குழி விழுந்திருக்கு, வால்ல முடி நாலுதான் இருக்கு. 38-ல இப்படி இருக்காது தம்பி, 50 தாண்டின யானை. ஏன் முக்கியம்னா யானைக்கு கடைவாய்ப் பல்லு வாழ்நாள்ல ஆறு செட்டுதான், ஒண்ணு தேயத் தேய பின்னாடி இருந்து அடுத்தது தள்ளிக்கிட்டு வரும், கடைசி செட்டு 40 வயசு வாக்குல வந்து 60 பக்கத்துல தேஞ்சு போயிரும். அதுக்கப்புறம் ஓலைய மெல்ல முடியாது. மெல்லாம முழுங்கின நார் குடல்ல போயி அடைக்கும், கேரளாவுல எரண்டக்கெட்டும்பாங்க, அங்க எத்தனயோ யானை இதுல போயிருக்கு. நீங்க "தோப்புல ஓலைக்குப் பஞ்சமே இல்ல"ன்னு சந்தோசமா எழுதியிருக்கீங்க, வயசான யானைக்கு வெறும் தென்னை ஓலை பனை ஓலை போட்டா அதுவே எமன். பசும்புல்லு நறுக்கிப் போடணும், ராகி, அரிசி வேகவச்சு கவளம் உருட்டிக் குடுக்கணும்.

இப்ப கணக்கு. ஒரு நாளைக்கு 150-ல இருந்து 200 கிலோ பசுந்தீனி, நம்ம ஊர்ல பசும்புல்லு எங்க கெடைக்குதுன்னு மொதல்ல சொல்லுங்க, வெளிய இருந்து வண்டியில வரணும், கிலோ 5 ரூபான்னு வச்சாலும் நாளைக்கு 1000, மாசம் 30,000. பாகன் ஒருத்தரு, காவடி ஒருத்தரு, ஆளுக்கு 20,000-னு வச்சா 40,000, அது கம்மிதான். கவளம், மருந்து, வெளியூர்ல இருந்து யானை தெரிஞ்ச டாக்டரு வந்து போற செலவு, தண்ணி. எப்படி இழுத்துப் பிடிச்சாலும் மாசம் ஒரு லட்சம். 15 வருசம் இருந்தா 1 கோடியே 80 லட்சம். இத ரூம் வாடகையில எடுக்கணும்னு வந்தீங்கன்னா மூணாவது வருசமே, கொரோனா மாதிரி ஒண்ணு வந்தா ரெண்டாவது மாசமே, "ஒரு சின்ன சவாரி, குழந்தைங்களுக்கு மட்டும்"னு ஆரம்பிப்பீங்க. உங்களக் குத்தம் சொல்லல, கணக்கு அப்படித்தான் இழுத்துக்கிட்டுப் போகும்.

தண்ணின்னதும் நம்ம ஊருக்கு வந்துதான ஆகணும். குடிக்க மட்டும் நாளைக்கு 100, 150 லிட்டரு, வெயில்ல அதுக்கும் மேல, குளிக்க வைக்கிறது தனி. நம்ம பொம்பளைங்க தள்ளுவண்டியில குடத்த அடுக்கிக்கிட்டு ஊத்துத் தண்ணிக்குப் போற ஊரு இது, காவேரி கூட்டுக்குடிநீர் என்னைக்கு வரும்னு பைப்பு முன்னாடி உக்காந்திருக்குறோம், கெணத்துல தோண்டினா உப்பு. தண்ணியில்லாக் காடுன்னு அரசு ஊழியங்களப் பயமுறுத்தி மாத்துற ஊருக்கு, தண்ணியில கெடக்குற மிருகத்த ஓய்வுக்குக் கூட்டியாறீங்க. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் வந்து கேக்கும், "எங்களுக்கு நாலு குடம் இல்ல, ஆனைக்கு லாரியில வருதா"ன்னு, அப்ப என்ன சொல்லுவீங்க?

வெயிலும் சும்மா இல்ல. யானைக்கு நம்மள மாதிரி உடம்பு பூரா வேர்க்காது, நகத்தச் சுத்தித்தான் கொஞ்சம் வேர்க்கும், மத்தபடி காத வீசி சூட்ட எறக்கணும், நெழலு வேணும், சேறு வேணும். கம்போடியாவுல அங்கோர் வாட் கோயில் பக்கம் 2016 ஏப்ரல்ல சம்போன்னு ஒரு பெண் யானை டூரிஸ்ட்ட ஏத்திக்கிட்டு 40 டிகிரி வெயில்ல நடந்து ரோட்டுலயே விழுந்து செத்துச்சு. அதுக்கப்புறம்தான் அங்க சத்தம் கெளம்பி, 2019-ல சவாரிய நிறுத்துறதா அறிவிச்சு, 14 யானைங்களயும் கொஞ்சம் கொஞ்சமா 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற காட்டுக்கு மாத்தினாங்க. அவிங்க செஞ்சதுல கவனிக்க வேண்டியது, கோயில் வாசல்லயே பந்தல் போட்டு "ரிட்டையர்டு யானை, பாருங்க"ன்னு நிப்பாட்டல, காட்டுக்குக் கொண்டு போனாங்க.

ஒண்ணு நியாயமாச் சொல்லணும், நம்ம மணலு யானைக்கு நல்லதுதான், சிமெண்டுக்கு எவ்வளவோ மேல், நல்ல காப்பகங்கள்ல மணல் மேடு போட்டு அதுல சாஞ்சு தூங்க விடுவாங்க. ஆனா நம்ம மணல்ல சீமைக்கருவேல முள்ளு கெடக்குதே. மாட்டுக் கால்ல ஏறினாலே என்ன பாடுன்னு எனக்குத் தெரியும்.

நம்ம கடக்கரைக்கும் யானைக்கும் சம்பந்தமே இல்லன்னும் சொல்ல முடியாது. தனுஷ்கோடியில நின்னா எதுத்தாப்ல இருக்குற இலங்கையில ஆனையிறவுன்னு ஊருக்குப் பேரு எப்படி வந்துச்சு? வன்னிக் காட்டுல பிடிச்ச யானைங்கள அந்த ஆழம் கொறஞ்ச களப்பு, அதாவது கடத்தண்ணி தேங்கி நிக்குற எடம், அது வழியா எறக்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போயி, போர்ச்சுகீசு, டச்சுக்காரங்க காலத்துல கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு வித்தாங்க. கடலத் தாண்டி யானை வந்த வழி இது. வந்தது தங்கின ஊரு இல்ல, இதுதான் வித்தியாசம். இன்னைக்கும் இந்தக் கரையில யானைன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ராமேஸ்வரம் கோயில் ராமலட்சுமிதான், அதையும் முகாம் நடந்தப்ப லாரியில ஏத்தி பாம்பன் பாலம் தாண்டி மேட்டுப்பாளையம் பக்கம் கொண்டு போகத்தான் செஞ்சாங்க.

அந்த முகாம் பத்தி ரெண்டு பேச்சு உண்டு. 2003-ல முதுமலையில ஆரம்பிச்சது, பெறகு தேக்கம்பட்டிக்கு வந்துச்சு, 48 நாள். லாரியில நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நிக்க வச்சுக் கொண்டு போறதே கொடுமைன்னு ஒரு பக்கம் சொன்னாங்க, தப்பு இல்ல. ஆனா நான் கண்ணால பாத்தது, வருசம் பூரா தன் இனத்தையே பாக்காத யானை, மொத நாளு பக்கத்து யானைய ஏறெடுத்துக்கூடப் பாக்கல, ஒரு வாரத்துல தும்பிக்கைய நீட்டி மத்ததோட வாய்க்குள்ள விட்டுப் பாக்குது, அதான் அதுங்க வணக்கம் சொல்ற விதம். 48-வது நாள் லாரி வந்து நின்னப்ப அது ஏற மாட்டேன்னு பின்வாங்குச்சு பாருங்க, பாகன் கண்ணு கலங்கி நின்னாரு. பொம்பள யானை கூட்டமா வாழுற பிறவி, அம்மா, அக்கா, சித்தின்னு. உங்க தோப்புல அதுக்கு யாரு இருக்கா?

திருச்சி பக்கம் எம்.ஆர்.பாளையத்துல வனத்துறை 2019-ல ஆரம்பிச்ச மறுவாழ்வு மையத்துல காஞ்சிபுரத்துல இருந்து வந்த சந்தியா, இந்து, ஜெயந்தி மூணும் ஒண்ணா இருக்கறதுக்கு அர்த்தம் அதான். புதுசா ஒண்ணு வந்தாலும் ஒடனே கூட்டத்துல விடக்கூடாது, மொதல்ல தனியா வச்சு நோய் இருக்கான்னு பாத்து, வேலிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமா மோந்து பாக்க விட்டு, மாசக்கணக்குல பொறுமையா சேக்கணும், சிலது சேரவே சேராது.

பாகனப் பத்தி நீங்க ஒரு வரி கூட எழுதல. எல்லாரும் விடுறது அதத்தான். தாய்லாந்துல 1989-ல காட்டு மரம் வெட்டத் தடை போட்டாங்க, நல்ல சட்டம், ஆனா மரம் இழுத்துக்கிட்டு இருந்த யானையும் பாகனும் ஒரே நாள்ல வேலை இல்லாம நின்னாங்க, அவிங்கதான் பேங்காக் ரோட்டுல பிச்சை எடுத்து, பெறகு டூரிஸ்ட் சவாரிக்குப் போனது. ஒரு வேலையில இருந்து எடுத்துட்டு அடுத்த வழி காட்டலன்னா யானை அடுத்த மோசமான வேலைக்குத்தான் போகும். அதே தாய்லாந்துல 2020-ல கொரோனா வந்து டூரிஸ்ட் நின்னப்ப நூறு யானைக்கு மேல பாகனுங்களோட மலை கிராமங்களுக்கு நாள்கணக்கா நடந்தே திரும்பிப் போச்சு, வாடகையும் தீனியும் குடுக்க முடியல. அத உலகமே "யானைங்க வீட்டுக்குப் போகுது"ன்னு சந்தோசமாப் பாத்துச்சு, பாகன் வீட்ல அடுப்பு எரிஞ்சுதான்னு யாரு பாத்தா. பழகின பாகன விட்டுட்டு யானைய மட்டும் கொண்டு வந்தா அது திங்காது, புது ஆளுக்கு அடங்காது. 2024 ஜூன்ல இடுக்கி கல்லார்ல சவாரி எடத்துல பாகனையே யானை கொன்னுச்சு, அதே வருசம் நவம்பர்ல திருச்செந்தூர்ல கோயில் யானை தெய்வானை பாகனையும் அவரு சொந்தக்காரரயும் கொன்னுச்சு. பல வருசம் கூட இருந்த ஆளுக்கே அந்தக் கதின்னா பழம் குடுக்க வர்ற கெஸ்ட்டுக்கு என்ன உத்திரவாதம்?

சட்டத்த சுருக்கமாச் சொல்லிர்றேன், இதுலயே உங்க திட்டம் நின்னுரும். யானை 1972 வனவிலங்குச் சட்டத்துல மொத அட்டவணையில இருக்கு, காசுக்கு விக்கவும் கூடாது வாங்கவும் கூடாது. "தானப் பத்திரம்", "லீஸ்"னு எழுதிக் கைமாத்துறது பழைய தந்திரம், மாட்டினா ரெண்டு பேரும் உள்ள. 2022-ல திருத்தம் போட்டு, 2024 மார்ச்ல மாத்திக் குடுக்குறதுக்கு விதி வந்திருக்கு, ஓனரால பராமரிக்க முடியலைன்னா, இன்னொரு எடத்துல நல்லா இருக்கும்னா, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதியோட மாத்தலாம், அதுக்கு உரிமைச் சான்று இருக்கணும், மரபணு விவரம் பதிவாகி இருக்கணும், டாக்டர் சான்று வேணும், ரெண்டு மாநிலமும் ஒத்துக்கணும். அதுபோக 2023-ல நம்ம ஐகோர்ட் மதுரை கிளையில, இனிமே தனியாரோ கோயிலோ புதுசா யானை வாங்கக் கூடாதுன்னு அரசு பாத்துக்கணும்னு சொல்லியாச்சு. ரிசார்ட்டுக்கு யானைன்னு மனு போட்டீங்கன்னா அந்த ஆபீசர் சிரிப்பாரு.

"குளிப்பாட்டலாம், சாணியில பேப்பர் செய்யலாம், சவாரி கெடையாது"ன்னு போர்டு போட்ட காப்பகங்களப் பாத்துட்டுத்தான் உங்களுக்கு இந்த யோசனை வந்திருக்கும். நாளைக்கு அஞ்சு பேட்ச் ஆளுங்க வந்து தேங்காநார் வச்சுத் தேய்க்க, அந்த நேரத்துக்குத் தண்ணியில படுக்கணும், படுக்கலன்னா அங்குசம் எங்கயோ துண்டுக்குள்ள இருக்கும். அதுவும் வேலைதான், ஷிஃப்டு மட்டும் வேற. தொடாம, தூரத்துல மேடை போட்டு, யானை வந்தாப் பாக்கலாம் வரலைன்னா காசு திரும்பக் கெடையாதுன்னு சொல்ற எடம்னா நம்பலாம்.

வேலை பாத்த யானைக்கு ஓய்வு குடுக்குறது நமக்குத் தெரியாத விசயமும் இல்ல. ஆனைமலை கோழிகமுத்தி முகாம்ல கும்கி கலீமுக்கு 2023 மார்ச்ல 60 வயசுல ஓய்வு குடுத்தாங்க, ஊருக்குள்ள வர்ற காட்டு யானைங்களப் பிடிக்க, விரட்டன்னு 99 ஆபரேஷன் பாத்த யானை, வனத்துறை ஆளுங்க வரிசையா நின்னு சல்யூட் அடிச்சாங்க. மறுநாள் அது எங்கயும் போகல, அதே காடு, அதே பாகன், அதே ஆத்துத் தண்ணி, கூப்பிட்ட எடத்துக்கு லாரி ஏறிப் போக வேண்டியது மட்டும் இல்ல.

அதனால அந்த யானைக்கு நெசமாவே ஏதாச்சும் செய்யணும்னு இருந்தா, இங்க கொண்டு வராதீங்க, அது இருக்குற மலையிலயே, ஈரம் உள்ள எடத்துலயே அதுக்கு வழி பாருங்க. ஓனர்கிட்ட பேசி வனத்துறைக்கு எழுத வைங்க, பாகனயும் சேத்து எடுத்துக்குற எடமாக் கேளுங்க, அந்த மாசம் ஒரு லட்சத்துல உங்களால எவ்வளவு முடியுமோ தீனிக்குக் குடுங்க, போர்டுல பேரு போடச் சொல்லாம. கெஸ்ட்டுக்குக் காட்ட ஏதாச்சும் வேணும்னா காரங்காட்டுல வனத்துறையே படகு விடுது, சதுப்புக் காட்டக் காட்டுங்க. நம்ம கடலுக்குள்ளயே யானைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம் ஒண்ணு மேஞ்சுக்கிட்டு இருக்கு தெரியுமா, ஆவுளியா, கடல் பசு. பாக்க சீலு மாதிரி இருந்தாலும் வம்சாவளியில யானைக்குத்தான் நெருக்கம், ஆம்பளைக்கு சின்னதா தந்தம் கூட உண்டு, பெரும்பாலும் கடல்புல்லுதான் திங்கும். அந்தப் புல்லு தரை அழியாம இருக்க உங்க ரிசார்ட் கழிவுத் தண்ணி எங்க போகுதுன்னு ஒரு நாள் பாருங்களேன், கோவிச்சுக்காதீங்க, கேக்கணும்னு தோணுச்சு கேட்டேன்.

ஓனரு அவசரப்படுத்துறாருன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, வர்ற வெள்ளிக்கிழமைக்கு மேல நானும் கூட வர்றேன், வெள்ளன கெளம்பினா மத்தியானத்துக்குள்ள போயிரலாம். முன்னங்கால் ரெண்டையும் ஒவ்வொண்ணா தூக்கச் சொல்லிப் பாக்கணும், வாயத் தொறந்து பல்லப் பாக்கணும், அந்த சீட்ட எறக்கச் சொல்லணும்.